மகளை நோம்பிக்கு அழைக்க அம்மனிடம் பூக் கேட்க வேண்டுமா?

காட்டுத்தோட்டம் (காங்கேயம் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். இங்கே இதுவரை மாடு, மழை, தேங்காய் விலை பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இன்று வீட்டு விஷயம் ஒன்று.

என் ஒரே மகள் இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கிறிஸ்தவப் பையனைத் திருமணம் செய்துகொண்டாள். கோவையில் அவளுடன் வேலை பார்த்தவர். திருமணத்துக்கு நான் போகவில்லை. என் மனைவியையும் போக விடவில்லை. சடங்கு நடத்தும் பெரியவரான அருமைக்காரர் முன்னின்று சீர் செய்து, நாவிதரான குடிமகன் மங்கல வாழ்த்துப் பாடி, ஊர் கூடி நடக்க வேண்டிய கல்யாணம் என்று இருபது வருடமாக மனதுக்குள் ஒரு பந்தல் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பந்தலைப் பிரிக்க இத்தனை நாள் ஆகிவிட்டது.

பேரனுக்கு இப்போது எட்டு மாதம். இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் போனில்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, பூச்சாட்டிவிட்டார்கள். கம்பம் நட்டாயிற்று. வரும் புதன்கிழமை மாவிளக்கு. மகளையும் மாப்பிள்ளையையும் நோம்பிக்கு அழைக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். எனக்கும் அதே ஆசைதான். கோயில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனேன். "அம்மனிடமே பூப் போட்டுக் கேட்டுவிடலாம். வெள்ளை வந்தால் வரட்டும். சிவப்பு வந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்க்கும் இந்தப் பூக் கேட்பது எனக்குப் புதிதல்ல. கிணறு வெட்டவும் சம்பந்தம் பேசவும் கேட்டிருக்கிறோம். ஆனால் இந்த முறை பொட்டலம் மடிக்கக் கை வரவில்லை. சிவப்பு வந்துவிட்டால் மகளிடம் என்னவென்று சொல்வேன்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சென்னிமலைத் தறி

ஐயா, உங்களுக்குச் சிவன்மலை பக்கம்தானே. அங்கே முருகன் கோயிலில் இருக்கும் உத்தரவுப் பெட்டியைப் பார்க்காதவராக இருக்க மாட்டீர்கள். யாரோ ஒரு பக்தரின் கனவில் ஆண்டவன் வந்து ஒரு பொருளைச் சொல்கிறார். அவர் மலைக்கு வந்து சொன்னதும் பூப் போட்டுக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது. அடுத்தவர் கனவில் வேறொன்று வரும்வரை அங்கேயே இருக்கிறது. ஒரு சமயம் மண் இருந்தது, ஒரு சமயம் தண்ணீர் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கனவு இன்னாருக்குத்தான் வரும் என்று எந்த வரையறையும் கிடையாது.

எனக்கு அந்தப் பெட்டி மேல் முழு நம்பிக்கை. தறி இறக்கிப் புதுப் பாவு ஏற்றும் ஒவ்வொரு முறையும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவேன். அந்த நம்பிக்கையோடுதான் சொல்கிறேன். கிணற்றில் தண்ணீர் வருமா என்பது நமக்குத் தெரியாதது, அதனால் கேட்கிறோம். பெற்ற மகளை "வா கண்ணு" என்று அழைப்பதில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? செய்ய வேண்டியது தெரிந்தும் செய்யத் தயங்குகிற காரியத்தை அம்மன் தலையில் வைப்பதை என்னால் பக்தி என்று ஏற்க முடியவில்லை. வெள்ளையா சிவப்பா என்று கேட்கும்போதே சிவப்புக்கும் சம்மதம் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா?

ஊர்க்கட்டு

சென்னிமலை நண்பர் பேச்சு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் அந்த ஊரில் குடியிருக்கப் போவதில்லை. காட்டுத்தோட்டம் ஐயாதான் நாளைக்கும் அந்தப் பெரியவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பும்போதும், வீட்டில் ஒரு சாவு விழுந்தாலும் அவர்கள்தான் வந்து நிற்பார்கள்.

பூக் கேட்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது. வெள்ளை வந்துவிட்டால் அதன் பிறகு உங்கள் மகளைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. அம்மனே கூப்பிட்டுவிட்டாள், முடிந்தது பேச்சு. முன்னோர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் வைக்கவில்லை. கேளுங்கள் ஐயா.

கூடுதுறை

பவானியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சங்கமேஸ்வரர் கோயிலில் ஒரு தந்தக் கட்டில் இருக்கிறது. வேதநாயகி அம்மனுக்குக் கொடுத்தவர் கோவை மாவட்டக் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ. வருடம் 1804. அவர் பவானியில் ஒரு பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்த இரவில் ஒரு சிறுமி வந்து எழுப்பி, கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாளாம். வந்த மாத்திரத்தில் கட்டடம் இடிந்து விழுந்தது. சிறுமியைக் காணவில்லை. வந்தவள் வேதநாயகிதான் என்று நம்பி அந்தக் கட்டிலைக் காணிக்கை கொடுத்தார் என்று என் அப்புச்சி சொல்லுவார்.

வேற்று மதத்தவர் கொடுத்த கட்டிலை அம்மன் ஏற்றுக்கொண்டாள். உங்கள் மாப்பிள்ளையை ஏற்றுக்கொள்ள மாட்டாளா?

நொய்யல் மணல்

கூடுதுறை, அந்தக் கதையில் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். காரோ துரை உள்ளே போய்க் கும்பிட முடியாதென்று அவருக்காகச் சுவரில் துளை போட்டார்கள், அதன் வழியாகத்தான் அம்மனைப் பார்த்தார் என்று அதே கோயிலில்தான் சொல்கிறார்கள். கட்டில் உள்ளே போயிற்று. கொடுத்தவர் வெளியே நின்றார்.

கூடுதுறை

உண்மைதான். அந்தத் துளையைச் சிறு வயதில் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும்வரை அதை அவருக்குக் கிடைத்த பெருமையாகவே நினைத்திருந்தேன்.

கருமத்தம்பட்டி ஆசிரியை

மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் ஊர் ஜெபமாலை மாதா தேருக்கு அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்கள் உப்பும் மிளகும் கொண்டுவந்து காணிக்கை வைப்பார்கள். யாரும் அவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டதில்லை. அந்த அன்பை நான் பார்த்து வளர்ந்தவள்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், ஐயா தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளை வந்ததும் நெற்றியில் திருநீறு வைப்பீர்கள். தட்டைக் கையில் கொடுத்து உள்ளே கூட்டிப்போவீர்கள். எல்லாம் பாசத்தில்தான். ஆனால் அவர் மறுத்தால் உங்களுக்கு அவமானமாக இருக்கும், மறுக்காவிட்டால் அவருக்கு உள்ளே உறுத்தும். உணவிலும் அப்படித்தான். படைத்ததைச் சாப்பிடலாமா என்பது எங்களுக்குள் பழைய கேள்வி. கொரிந்து நகரத்து மக்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் இதைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். உணவு ஒருவனைக் கடவுளிடம் சேர்ப்பதுமில்லை, பிரிப்பதுமில்லை. ஆனால் நீ சாப்பிடுவதைப் பார்த்து இன்னொருவனின் மனசாட்சி புண்படும் என்றால் விட்டுவிடு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அதனால் எங்களில் சிலர் சாப்பிடுவார்கள், சிலர் சாப்பிட மாட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். என் திருமணத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அவர்களே எனக்காக முடிவு செய்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கோட்டைமேடு வாசி

ஆசிரியை அம்மா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் படைத்த உணவை உண்பதில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அம்மா இருந்தார், அவிநாசிப் பக்கம் சொந்த ஊர். நோம்பி என்றால் ஒப்புட்டு, அதாவது போளி, சுடுவார். கடலைப் பருப்பும் வெல்லமும் வேகும் வாசனை எங்கள் வீட்டுக்குள் வரும். முதல் ஈடு சுட்டதும், சாமிக்கு எடுத்து வைப்பதற்கு முன்பே, ஆறு ஒப்புட்டை ஒரு பித்தளைப் போசியில் போட்டு மூடி என் அம்மாவிடம் நீட்டுவார். "இன்னும் படைக்கவில்லை, சூட்டோடு குழந்தைகளுக்குக் கொடுங்கள்" என்பார். சாமிக்கு முன்னால் எங்களுக்கு! அவருக்கு அவருடைய அம்மன் மேல் எவ்வளவு பக்தி என்பது தெருவுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோனியம்மன் கோயிலுக்கு நடந்து போவார். அப்படிப்பட்டவர் எங்களுக்காக அந்த வரிசையை மாற்றினார்.

எங்கள் கோவையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகளில் 58 பேர் போனார்கள். அந்த வருடம் பல வீடுகளுக்கு நடுவில் போக்குவரத்து நின்றுவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம், யாரை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல். அடுத்து வந்த நோம்பிக்கு அந்தப் போசி வருமா என்று அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது. இரண்டு பெண்களும் ஒன்றும் பேசவில்லை. போசியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அம்மா அதில் சர்க்கரை போட்டுக் கொடுத்தார். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான வழக்கம்.

"உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம்" என்று குர்ஆனில் ஒரு வசனம் உண்டு. விலகி நிற்பதற்கான வாக்கியமாக அதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வசனத்தைக் கேட்டால் பித்தளைப் போசிதான் நினைவுக்கு வரும்.

சென்னிமலைத் தறி

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

குடியரசு வாசகன் (ஈரோடு)

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. என் மனைவி பெரிய மாரியம்மனுக்குக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டாள். விடியற்காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும் அவளை வண்டியில் கொண்டுபோய் விடுகிறவன் நான்தான். முப்பது வருடமாக இதில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அம்மன் இருக்கிறாளா என்ற கேள்விக்கு நான் வரவில்லை. 1924-ல் எங்கள் ஊரிலிருந்து வைக்கத்துக்குப் போய்ச் சிறைப்பட்ட பெரியாரை நினைத்துக்கொள்கிறேன். அந்தப் போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட நடக்கவில்லை. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடப்பதற்காக நடந்தது. அடுத்த வருடம், 1925-ல், திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியபோது அதைத் திறந்து வைத்தவரும் பெரியார்தான். ஒருவர் கீதை படிப்பவர். இன்னொருவர் பின்னாளில் கடவுளே இல்லை என்று சொல்லப்போகிறவர். அதன் பிறகு எதிரெதிர் அணியில் நின்றார்கள், நட்பு மட்டும் கடைசிவரை போகவில்லை.

காட்டுத்தோட்டம் ஐயா, நீங்கள் நம்புவதை விட வேண்டாம். மகளை அழைத்துவிடுங்கள்.

தாராபுரம் தெற்கு

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஐயாவின் மகள் வர வேண்டும். அதில் எனக்கு மாற்றுப் பேச்சு இல்லை.

பவானிச் சுவரில் இருக்கும் துளையைப் பற்றி எழுதினீர்கள். என் அம்மாவுக்கு அந்தத் துளையும் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் நோம்பிக்குப் பறை எங்கள் தெருவிலிருந்துதான் போகும். கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்களின் கால்கள் என் அப்பாவின் அடிக்குத்தான் எழும். ஆனால் அம்மா இடித்துச் செய்த மாவிளக்கு கோயில் வாசலைத் தாண்டாது. கோயிலுக்கு வடக்கே ஒரு வேப்பமரம். அதன் அடியில் வாழை இலையைப் போட்டு, விளக்கை வைத்து, நெய் விட்டு, அங்கிருந்தே கும்பிடுவாள். பூசாரி தீர்த்தத்தை எட்ட நின்று தெளிப்பார். எனக்கு ஏழு வயது இருக்கும்போது கேட்டேன், "இங்கிருந்து அம்மன் தெரிகிறாளா அம்மா?" என்று. "எனக்குத் தெரியாவிட்டால் என்ன, அவளுக்கு என்னைத் தெரியும்" என்றாள்.

அந்தப் பதிலை நினைத்துப் பல வருடம் பெருமைப்பட்டேன். வளர்ந்த பிறகுதான் அப்படியொரு பதிலைத் தன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய நிலையில் அவளை வைத்திருந்தார்களே என்ற ஆத்திரம் வந்தது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல். அம்மா பிறந்தது அதற்குப் பிறகு.

ஐயா, உங்கள் ஊர்க் கோயிலுக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு மரம் இருக்கும். அதன் அடியில் நின்றால் என்ன தெரியும் என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? மாப்பிள்ளைக்காகப் பூக் கேட்கத் தயாராக இருக்கும் பெரியவர்கள், எங்கள் தெருவுக்காக ஒரு தடவையாவது பொட்டலம் மடித்திருக்கிறார்களா?

ஊர்க்கட்டு

தம்பியின் வேதனை புரிகிறது. ஆனால் ஐயா கேட்டது குடும்ப விஷயம். இதில் அதையும் சேர்த்தால் அவர் பாரம் இரண்டாகும். அதற்குத் தனியாக ஓர் இழை தொடங்கலாம்.

கருமத்தம்பட்டி ஆசிரியை

எங்கள் பக்கமும் சாதி வாரியாகக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. அந்தத் தம்பியின் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். தனி இழைக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காட்டுத்தோட்டம் (காங்கேயம் பக்கம்)

தாராபுரத்துத் தம்பிக்கு. மரம் இருக்கிறது. நான் அதன் அடியில் நின்றதில்லை.

எங்கள் தோட்டத்தில் முப்பது வருடமாக ஒருவர் வேலை செய்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். என் அய்யன் அவரை வாடா போடா என்றார், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மாட்டுச் சாளை இறவாரத்தில் அவருக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் செருகியிருக்கும். காபி கொண்டு போனால் அவரே அதை எடுத்து நீட்டுவார், மேலே இருந்து ஊற்றுவோம். மகள் பன்னிரண்டு வயதில் ஒரு நாள், "அவர் உங்களைவிடப் பெரியவர்தானே, ஏன் அப்பா இப்படிக் கூப்பிடுகிறீர்கள்?" என்றாள். சின்னப் பெண் பேச்சு என்று விட்டுவிட்டேன். அவள் திருமணத்துக்கு முதல் நாள் போனில் அழுதுகொண்டே என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம் இப்போது விளங்குகிறது. "நீங்கள் யாரை வெளியே நிறுத்துவீர்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும் அப்பா" என்றாள்.

பூக் கேட்கப் போவதில்லை. இன்று காலையில் மகளுக்குப் போன் செய்துவிட்டேன். மாப்பிள்ளையிடமும் பேசினேன், ஆசிரியை அம்மா சொன்னபடி நேராகவே கேட்டேன்.

காட்டுத்தோட்டம் (காங்கேயம் பக்கம்)

நோம்பி முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை இரவே வந்துவிட்டார்கள். பேரன் முதலில் என்னிடம் வரவில்லை. மீசையைப் பார்த்து அழுதான். அவன் அம்மாயியிடம் உடனே ஒட்டிக்கொண்டான். புதன்கிழமை காலை ஒப்புட்டுச் சுட்டபோது மனைவி முதல் ஈட்டை எடுத்து ஒரு போசியில் போட்டு மூடினாள். மாப்பிள்ளை படைத்ததைச் சாப்பிட மாட்டார், அவருக்குத் தனியாக எடுத்து வைக்க நினைத்தாளாம். கோட்டைமேடு ஐயா எழுதியதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். "சாமிக்கு முன்னால் எடுக்கிறோமே" என்று ஒரு கணம் கை நின்றது. பிறகு எடுத்துவிட்டாள்.

பெரியவர்களிடம் பூக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. மறுநாள் கிடா விருந்துக்கு மட்டும் இரண்டு வீட்டார் வரவில்லை. அதில் ஒருவர் என் பங்காளி. ஊர்க்கட்டு ஐயா எச்சரித்தது சரிதான், அது வலிக்கத்தான் செய்கிறது. வேப்பமரத்தைப் பற்றியும் அவர்களிடம் கேட்டேன். பதில் வரவில்லை. அடுத்த பூச்சாட்டுக்கு முன்பு ஊர்க் கூட்டம் போடும்போது திரும்பவும் கேட்பேன். இறவாரத்து டம்ளரை எடுத்து உள்ளே கொண்டுவந்துவிட்டேன். இப்போது "வாங்க அண்ணா" என்றால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.

மாவிளக்கு எடுத்துப் போகும்போது மகள் அவள் அம்மாவோடு நடந்தாள். கோயில் வாசல் வந்ததும் மாப்பிள்ளை நின்றுவிட்டார். "நான் உள்ளே வந்து கும்பிடுவது போல நின்றால் அது அம்மனுக்கும் மரியாதை இல்லை மாமா. நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கே குழந்தையை வைத்துக்கொள்கிறேன்" என்றார். பெண்கள் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. வெயில் ஏறியிருந்தது, நிழல் வேண்டும் என்று மூன்று பேரும் அந்த வேப்பமரத்தடிக்குப் போனோம்.

தம்பி, அங்கிருந்து என்ன தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். அம்மன் தெரியவில்லை. காரை பெயர்ந்த சுவர் தெரிந்தது. அதற்கு மேல் கம்பத்தில் கட்டிய வேப்பிலை தெரிந்தது. வாசலில் நிற்கிறவர்களின் முதுகு தெரிந்தது. தீபாராதனை மணி அடித்தது, எல்லாரும் கையைத் தூக்கியதைப் பார்த்துத்தான் திரை விலகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு 61 வயது. அந்த மணியை வெளியே நின்று கேட்டது அன்றுதான்.

நாங்கள் போகும்போதே அங்கே அண்ணனும் அவர் மனைவியும் இலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்துகொண்டார். உட்காரச் சொன்னேன். திரி எரிந்து முடிகிறவரை யாரும் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு அவர் மாவைக் கையால் பிசைந்து, பேரன் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தார். மாப்பிள்ளை அவனைத் தடுக்கவில்லை. எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் தயங்கியபோது நானே கையை நீட்டினேன். வெல்லம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தார்.